கிணத்துக் கழனிக்கு இருபத்திரண்டு மூட்டை

ஒரு பக்கெட்டில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. கேன் தண்ணீர். மண்ணில் குத்தினால் சத்து எவ்வளவு என்று போனில் காட்டும் என்று நம்பி வாங்கிய ஸ்டீல் முள் கருவியைக் கேன் தண்ணீரில் விட்டேன், போனில் தழைச்சத்து (நைட்ரஜன்) கிட்டத்தட்ட பூஜ்யம். அம்மாவிடம் ஒரு பிடி கல்லுப்பு வாங்கிப் போட்டுக் கலக்கி மறுபடி விட்டேன். தழைச்சத்து ஏறியது, மணிச்சத்து ஏறியது, சாம்பல்சத்தும் கூடவே ஏறியது. மூன்றும் ஒரே விகிதத்தில், சொல்லிவைத்த மாதிரி. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நைனா, "அப்போ யூரியாவுக்கு பதிலா உப்பே போட்டுடலாம்னு சொல்லு" என்றார்.

அந்தக் கருவிக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்தேன். அதைவிடக் கேவலம், நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில். பிரஷர் கேஜ் ஒன்று வந்தால்கூட தெரிந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் லைனில் மாட்ட விடமாட்டேன். சொந்தக் கழனிக்கு வாங்கினதை மட்டும் ஒரு பருவம் முழுக்க அப்படியே நம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகிற வழியில், உள்ளடங்கி இருக்கிறது. பாலாறு பக்கம்தான், ஆனால் அது தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிற ஆறு. 2021 நவம்பரில் வந்தது மாதிரி கரை கொள்ளாமல் எப்போதாவது வரும், மற்ற நாளில் மணல்தான். எங்களுக்கு மூன்று துண்டு நிலம். ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர், களிமண் கலந்தது, ஏரிக்கழனி என்போம். கிணற்றை ஒட்டி 75 சென்ட், அது கிணத்துக் கழனி. மேலே செம்மண் கொல்லை ஒரு ஏக்கர், அதில் பெரும்பாலும் வேர்க்கடலை.

நைனாவுக்கு நெல் என்றால் ஒரே கணக்கு: ஏக்கருக்கு 35 மூட்டை. எங்கள் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ, அப்படியென்றால் 2,600 கிலோ சொச்சம். எந்தக் கழனியாக இருந்தாலும் 35, எந்தப் பருவமாக இருந்தாலும் 35, உரமும் அதற்கேற்ற மாதிரி. அந்த 35 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு வருடம் ஏரிக்கழனியில் 33 விளைந்திருக்கிறது, அதோடு இரண்டு கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். கருவி விற்ற கம்பெனியின் ஆப் இன்னும் தாராளம். மூன்று துண்டுக்கும் 45 மூட்டை இலக்கு போட்டு, அதிலும் மண்ணில் சத்து அதிகமாக இருப்பது கிணத்துக் கழனியில்தான் என்று பச்சைக் கலரில் காட்டியது. அந்த நவரை நெல் பருவத்தில் அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டோம். கிடைத்தது ஏக்கர் கணக்குக்கு 19 மூட்டை.

பக்கெட் சோதனைக்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த மாதிரி விலை குறைந்த முள் கருவிகள் தழை மணி சாம்பல் எதையும் தனித்தனியாக அளப்பதில்லை. மண்ணில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதை மட்டும் அளந்து, அதை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி, மூன்று பெயர் கொடுத்துக் காட்டுகின்றன. உப்பு அதிகமென்றால் மின்சாரம் நன்றாக ஓடும், உடனே "சத்தான மண்" ஆகிவிடும். ஆனால் அதன் உள்ளே இருந்த அந்த ஒரு அளவு, மின்கடத்துத் திறன், அது பொய்யில்லை. கிணத்துக் கழனியில் மட்டும் ஏன் அவ்வளவு அதிகம் என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. அது பிறகு வருகிறது.

இலக்கு வைத்து உரம் போடுவது ஒன்றும் புதிது இல்லை. 1967லேயே ராமமூர்த்தி என்கிற மண்ணியல் அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் சொனோரா 64 கோதுமைக்கு, இவ்வளவு விளைச்சல் வேண்டுமென்றால் இவ்வளவு உரம், மண்ணில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துக்கொள் என்று சமன்பாடு போட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நம் மண் வகைகளுக்கும் நம் பயிர்களுக்கும் அதே முறையில் சமன்பாடுகள் கொடுத்திருக்கிறது. அதில் இலக்கு என்கிற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும். அங்கே 35 என்று போட்டால் 35க்கான உரத்தைச் சொல்லும், 45 என்றால் 45க்கு. கழனியால் அது முடியுமா என்று கேட்டால் சமன்பாடு வாயைத் திறக்காது.

முதல் வேலையாக நைனாவின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். ஏரிக்கழனி, நவரைப் பருவம் மட்டும், ஐந்து வருடம்: 29, 31, 24, 28, 33. சராசரி 29. சம்பாவையும் நவரையையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள், அவை வேறு வேறு பயிர் மாதிரி. கிணத்துக் கழனியின் சராசரி ஏக்கர் கணக்குக்கு 21. இத்தனை வருடமாக 21 எடுக்கிற நிலத்துக்கு 35க்கான உரம் போயிருக்கிறது. நோட்டை நைனாவிடம் காட்டினேன். "எழுதினது நான்தானே, எனக்குத் தெரியாதா" என்றார். அவருக்குத் தெரியும், ஆனால் கூட்டி வகுத்துப் பார்த்ததில்லை.

நோட்டு சொல்வது போன வருடக் கதை. சராசரியோடு ஒரு பத்து இருபது சதவீதம் சேர்த்து இலக்கு வைப்பது அமெரிக்காவிலும் காலகாலமாக நடந்ததுதான். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பில் ரான் என்பவரும் கூட இருந்தவர்களும் அதை மாற்றினார்கள். கோதுமைக்கு அவர்கள் செய்தது இதுதான்: வயலில் ஒரு பட்டை நிலத்துக்கு மட்டும் தழைச்சத்து பஞ்சமே வராதபடி ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுவது. நடுப்பருவத்தில் ஒரு ஒளிக்கருவியைப் பிடித்து அந்தப் பட்டையையும் மற்ற பயிரையும் அளப்பது. பட்டை எவ்வளவு தூரம் முந்தியிருக்கிறதோ, உரத்துக்கு அந்தப் பயிர் அந்த அளவுக்குத்தான் மசியும். பயிரின் அளவீட்டை விதைத்ததிலிருந்து வளர்ந்த நாட்களால் வகுத்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும், அதிலிருந்து இந்த வருட விளைச்சலை இந்த வருடத்திலேயே கணிக்கலாம். அங்கே குளிரில் பயிர் வளராத நாட்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். நம் வெயிலூரில் அந்தத் தொல்லை இல்லை, எல்லா நாளும் நாள்தான்.

அந்தக் கையடக்க ஒளிக்கருவியின் பெயர் கிரீன்சீக்கர். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் தானே அடித்து, எது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். பச்சை இலை சிவப்பை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண்ணை, பூஜ்யத்திலிருந்து 0.99 வரை, திரையில் காட்டும். ஒற்றை விவசாயி வாங்குகிற விலை இல்லை. எனக்கு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பருவத்துக்கு இரண்டு மூன்று நாள் இரவல் கொடுத்தார், பதிலுக்கு அவருடைய மின்சார அடுப்பின் தெர்மோகப்பிளைச் சரிசெய்து கொடுத்தேன்.

"இன்னாடா, பயிருக்கு டார்ச் அடிக்கிற?" என்று நைனா கேட்டது அந்த முதல் நாளில்தான். நடவுக்கு வந்தவர்கள் நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பருவம் பட்டை வீணாகப் போனது. பத்தடி அகலம் ஐம்பதடி நீளம் அளந்து நாலு மூலையில் குச்சி நட்டு, யூரியாவைத் தாராளமாக வீசினேன். கோதுமை வயலில் அது போதும். நெல் கழனியில் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் யூரியாவை ஊர்க்கதை மாதிரி பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். இருபது நாளில் பட்டை எங்கே முடிகிறது, மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, மடைப்பக்கம் முழுக்கக் கரும்பச்சை. அடுத்த பருவத்தில் சேடை ஓட்டி முடித்த அன்றே பட்டையைச் சுற்றிக் குட்டி வரப்பு போட்டு, அதற்குத் தனி மடை வைத்தேன். ஐந்நூறு சதுர அடி என்பது ஒன்றே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து என்கிற பரிந்துரைக் கணக்கில் அந்தப் பட்டைக்கு யூரியா ஒன்றேகால் கிலோ கூட வேண்டாம், அதை இரண்டு தவணையாக இருபது நாளுக்குள் போட்டு முடித்துவிட்டேன். கழனியின் நல்ல மூலையில் போடாமல் நடுவாந்திரமான இடத்தில் போடுங்கள், நல்ல மூலை எப்போதும் பொய் சொல்லும்.

அளக்கிறதிலும் சில்லறை விஷயங்கள் உண்டு. பயிரின் தலைக்கு மேலே இரண்டடியிலிருந்து நாலடிக்குள் பிடிக்கவேண்டும், உயரம் மாறினால் எண் மாறும். விசையை அழுத்திப் பிடித்தபடியே வரிசையோடு நடந்தால் சராசரி எடுத்துக் கொடுக்கும். நின்று நின்று ஒவ்வொரு குத்தாகச் சுடவேண்டாம், நான் சுட்டேன், தலைவலிதான் வந்தது. பனி இருக்கும்போது அளக்கக்கூடாது. நட்டுப் பதினைந்து நாளுக்குள் அளந்தால் பயிருக்கு நடுவே தெரிகிற தண்ணீரும் சேறும்தான் அளவில் விழும். பயிர் மூடிவிட்ட பிறகு அளந்தால் எல்லாமே 0.8க்கு மேல் போய் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. எங்கள் கோ 51க்கு, அது 105லிருந்து 110 நாள் ரகம், நட்ட 25ஆம் நாள் சரியாக வந்தது. கதிர் உருவாகத் தொடங்குகிற சமயமும் அதை ஒட்டித்தான், மேலுரம் முடிவு செய்யவேண்டிய நேரமும் அதுதான்.

ஏரிக்கழனியில் பட்டை 0.72, மற்றது 0.62. வகுத்தால் 1.16.

அளவீட்டிலிருந்து விளைச்சலைக் கணிக்க ஓக்லஹோமாவில் கோதுமைக்குப் போட்ட வளைகோட்டைக் கொண்டுவந்து நம் நெல்லில் ஒட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு பருவமும் அறுவடைக்கு முதல் நாள் ஒவ்வொரு கழனியிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, தனியாக அறுத்து, தனியாக அடித்துத் தூற்றி எடை போட்டேன். பயிர்க் காப்பீட்டுக்கு அதிகாரிகள் நெல்லில் செய்கிற அதே அளவுதான். அந்த 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ என்றால் ஏக்கருக்கு 162 கிலோ. ஈரத்தைக் கழிக்காமல் எடை போட்டால் கழனி உங்களை ஏமாற்றும், காயவைத்துப் போடுங்கள். இப்படி மொத்தம் ஒன்பது புள்ளி சேர்ந்தது, அவற்றை மகள் கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில் வைத்தேன். ஒன்பது புள்ளியை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசக்கூடாது, ஆனால் 35 என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட ஒன்பது பங்கு மேல்.

அந்தத் தாளின்படி, அடுத்த பருவத்தில், இனி எதுவும் போடாமல் விட்டால் ஏரிக்கழனி 27 மூட்டை தரும். 1.16ஆல் பெருக்கினால் 31. அதாவது மேலுரம் கொடுத்தால் இன்னும் நாலு மூட்டை, 300 கிலோ. நெல்மணியில் தழைச்சத்து ஏறக்குறைய 1.2 சதவீதம், ஆக மணியில் போய்ச் சேரவேண்டியது 3.6 கிலோ. நெல் கழனியில் போடுகிற தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் பயிருக்குப் போகும், மற்றது காற்றிலும் தண்ணீரிலும். அதனால் போடவேண்டியது பத்து கிலோ சொச்சம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், மூட்டை 45 கிலோ. சரியாக அரை மூட்டை. நைனா அந்தத் தவணைக்கு வழக்கமாகப் போடுவது ஒரு முழு மூட்டை. அரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் கழனியில் இறங்கியபோது அவர் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கிடைத்தது முப்பதும் ஒரு குறை மூட்டையும். பயிர் சாயவில்லை, இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தும் அடிக்கவில்லை. இரண்டுமே போன வருடங்களில் அதிகப் பச்சையால் வந்த செலவு.

கிணத்துக் கழனிக்கு வருகிறேன். அங்கேயும் பட்டை போட்டேன், வரப்பு கட்டி, தனி மடை வைத்து, எல்லாம் முறைப்படி. 25ஆம் நாள் பட்டை 0.55. மற்றது 0.54. கருவியில் ஏதோ கோளாறு என்று ஏரிக்கழனிக்கு ஓடிப்போய் அளந்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன், அதேதான். கையில் கருவியோடு வரப்பில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அந்த ஐந்நூறு சதுர அடியைப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ யூரியாவைத் தின்ற பயிரும் தின்னாத பயிரும் ஒரே உயரம், ஒரே வெளிர்ப்பச்சை. இலை நுனிகள் மட்டும் இரண்டிலும் வெளுத்துச் சுருண்டிருந்தன. ஒளிக்கருவிக்கு மஞ்சள் என்றால் மஞ்சள், அது பசியா தாகமா நோயா என்று தெரியாது. பட்டை இல்லாவிட்டால் 0.54ஐப் பார்த்ததும் யூரியா குறைவு என்று இன்னும் ஒரு மூட்டை கொட்டியிருப்பேன், போன வருடங்களில் கண்ணால் பார்த்துச் செய்ததும் அதுதானே. எவ்வளவு கொடுத்தாலும் பட்டை முந்தவில்லை என்றால், குறை தழைச்சத்தில் இல்லை.

துத்தநாகக் குறையோ என்று இலையைப் பிரித்துப் பார்த்தேன். இளம் இலையின் அடிப்பகுதி வெளுத்து, கீழ் இலையில் துருப் புள்ளி இருக்கவேண்டும், அப்படி இல்லை. அப்போதுதான் ஒன்பதாயிரம் ரூபாய்க் கருவி ஞாபகம் வந்தது. அது அந்தக் கழனியில் மட்டும் எண்களை அள்ளிக் கொடுத்ததே, அது உப்பு. தொழிற்சாலையில் இருக்கிற மின்கடத்துத் திறன் மீட்டரைத் தெரிந்த கரைசலில் சரிபார்த்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை அளந்தேன், மீட்டருக்கு 2.6 டெசிசீமன்ஸ். மண்ணை ஆறு அங்குல ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, பன்னிரண்டு இடத்தில் எடுத்துக் கலந்து, ஆய்வகத்துக்குக் கொடுத்து, குழைத்த மண்ணின் சாற்றில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அதே அலகில் 5 என்று வந்தது. இப்படிக் கேட்பது முக்கியம், ஏனென்றால் மண்ணோடு நிறைய தண்ணீர் கலந்து அளக்கிற சாதாரண முறையில் எண் குறைவாக வரும், அதை வைத்து அட்டவணையைப் பார்த்தால் ஆபத்தே இல்லை என்று தோன்றும்.

நெல்லுக்கு அந்தச் சாற்று அளவில் 3 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 1க்கும் விளைச்சல் 12 சதவீதம் விழும் என்பது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற கணக்கு. 5 என்றால் 24 சதவீதம் போச்சு. ஏரிக்கழனியின் சராசரி 29, அதில் 24 சதவீதத்தைக் கழித்தால் 22. நைனாவின் நோட்டில் கிணத்துக் கழனியின் ஐந்து வருடச் சராசரி 21. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இலக்கை 22 ஆக்கினோம். அதற்கேற்ற உரம், அவ்வளவுதான். 75 சென்ட்டுக்குப் பருவத்துக்கு ஒரு மூட்டை யூரியா குறைந்தது, விளைச்சல் குறையவில்லை, 21க்கும் 22க்கும் நடுவில்தான் வந்தது. இதை ஊரில் சொன்னபோது "இலக்கைக் குறைச்சா அது என்னாய்யா முன்னேற்றம்" என்று ஒரு மாமா கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் மாமா, 35க்கு உரம் போட்டு 21 எடுப்பதும் 22க்கு உரம் போட்டு 21 எடுப்பதும் களத்தில் ஒன்றுதான், கடைக்காரன் நோட்டில் ஒன்றில்லை.

அதற்காக 22ஐத் தலையெழுத்து என்று விட்டுவிடவும் இல்லை. ஏரி நிரம்புகிற வருடத்தில் நடவுக்கு முன்னால் ஏரித் தண்ணீரை நிறுத்தி வைத்து இரண்டு முறை வடிக்கிறோம். இங்கே ஒன்று சொல்லவேண்டும். உவர், களர் என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம், இரண்டும் ஒன்றில்லை. களர் என்பது சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்ட நிலை, காரத்தன்மை (pH) 8.5க்கு மேல் போயிருக்கும், அதற்குத்தான் ஜிப்சம். உவர் என்பது கரைகிற உப்பு, அதை நல்ல தண்ணீர் விட்டு வடித்துத்தான் வெளியேற்ற முடியும். எங்களுடையது உவர். பக்கத்தில் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு அரை லோடு ஜிப்சம் இறக்கப் போனார், முதலில் காரத்தன்மை பாருங்கள் என்று நிறுத்தினோம். விரிஞ்சிபுரத்தில் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் ஒரே இடத்தில் இருக்கின்றன, இந்த மாதிரி சந்தேகத்துக்கு ஒரு நடை போய்வருவது அரை லோடு ஜிப்சத்தைவிட மலிவு.

கொல்லைக் கதை இதற்கு நேர் எதிர். அங்கே இலக்கு ஏறியது.

மேலே செம்மண் கொல்லை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். கடப்பாரையைக் குத்திக்கொண்டே போனால்தான் தெரியும், மேல்பாதியில் ஒரு அடியிலேயே சரளை தட்டும், கீழ்ப்பாதியில் மூன்றடி வரை மண். மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை போட்டால் மேல்பாதி 40 கிலோ மூட்டையில் ஏக்கர் கணக்குக்கு 12, கீழ்ப்பாதி 20. மண் அப்படி என்று விட்டுவிட்டோம். ஈரம் பார்க்கிற கெபாசிட்டிவ் சென்சார் நாலு வாங்கி, பாதிக்கு இரண்டாக, அரை அடியிலும் ஒரு அடியிலும் புதைத்தேன். இரண்டு கம்பி வெளியே தெரிகிற மலிவான வகையை வாங்காதீர்கள், ஒரே மாதத்தில் துரு அரித்துவிடும். கெபாசிட்டிவ் வகையிலும் மேல் விளிம்பில் இருக்கிற மின்னணுப் பகுதிக்கு வார்னிஷ் பூசிச் சுருங்கும் ட்யூப் மாட்டாவிட்டால் முதல் மழையோடு சரி. என் முதல் இரண்டு அப்படித்தான் போயின, மூன்றாவதின் ஒயரை எலி கடித்தது.

அது காட்டுகிற எண்ணுக்கும் ஈரத்துக்கும் நேரடி உறவு கிடையாது, நம் மண்ணில் நாமே சரிபார்க்கவேண்டும். நான் செய்தது: கொல்லை மண்ணை நன்றாகக் காயவைத்து எடை பார்த்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் கெட்டித்து, சென்சாரைச் செருகி எண்ணைக் குறித்து, பிறகு எடையில் நூற்றுக்கு ஐந்து தண்ணீர் கலந்து, மறுபடி எண், மறுபடி ஐந்து. நாலு முறை. அம்மாவின் சமையலறைத் தராசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. செருகும்போது மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே காற்று இருந்தால் காய்ந்த மண் என்று காட்டும், அதனால் கொல்லையில் புதைக்கும்போது சேற்றைக் குழைத்து ஊற்றி இறுக்கவேண்டும்.

பதினைந்து நாளில் கதை தெரிந்துவிட்டது. செம்மணல் ஒரு அடி ஆழத்தில் பயிருக்குத் தரக்கூடிய தண்ணீர் சுமார் 30 மில்லிமீட்டர்தான். அதில் பாதி போனதும் பாய்ச்சியாகவேண்டும். பூ எடுத்து, காயாகப் போகிற விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயத்தில் பயிர் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் குடிக்கும். ஆக மூன்று நாள். நாங்கள் முழுக் கொல்லைக்கும் எட்டு நாளுக்கு ஒரு முறை, மும்முனைக் கரண்ட் இருக்கிற நேரம் முழுக்க மோட்டார் விட்டுக்கொண்டிருந்தோம். மேல்பாதியில் பாதித் தண்ணீர் சரளைக்குள் இறங்கிப் போய்விட்டு, நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை விழுது காய்ந்த மண்ணை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கீழ்ப்பாதிக்கு எட்டு நாள் சரி. மேல்பாதிக்குத் தனியாக ஒரு பைப் எடுத்து, நாலு நாளுக்கு ஒரு முறை, பாதி நேரம் விட்டோம். அதே தண்ணீர்தான், அதே உரம், அதே விதை, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சமும் அதே அளவு. 12 மூட்டை 16 ஆனது. அதனால் இந்த வருடம் மேல்பாதிக்கு இலக்கு 16, கீழ்ப்பாதிக்கு 20. இருபதே வரவேண்டும் என்று மேல்பாதியை நெருக்குவதில் அர்த்தமில்லை, சரளையை என்ன செய்வது.

ஒயர், வார்னிஷ் எல்லாம் யாரால் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எளிய வழி உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஈரம் பார்க்கிற ஒரு கைக்கருவி கொடுத்திருக்கிறது. குத்தினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதும், ஆரஞ்சு வந்தால் தண்ணீருக்கு ஏற்பாடு செய், சிவப்பென்றால் உடனே பாய்ச்சு. எண் இல்லை, அதனால் தகராறும் இல்லை. நெல்லுக்கு கிரீன்சீக்கர் கிடைக்காவிட்டால், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை போதும். முழுதாக விரிந்த மேல் இலையை, உடம்பு நிழலில், காலை எட்டிலிருந்து பத்துக்குள், ஒரே ஆள் பார்க்கவேண்டும். இன்றைக்கு நான், நாளைக்கு நைனா என்றால் நிறம் மாறிவிடும். பத்தில் ஆறு இலை 4ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் யூரியா, வெள்ளைப் பொன்னிக்கு 3. ஆனால் அட்டையோடும் அந்தப் பட்டையைப் போடுங்கள். அட்டையும் எங்கள் கிணத்துக் கழனியைப் பார்த்து யூரியா போடு என்றுதான் சொல்லும். வேண்டாம் என்று சொன்னது ஒன்றேகால் கிலோ யூரியாவும் ஒரு குட்டி வரப்பும்.

இந்த நவரைக்கு கிரீன்சீக்கர் இல்லை, அந்த மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். அட்டையோடு இறங்கியிருக்கிறோம். பட்டைக்கு வரப்பு போட்டது நைனா. என்னுடையதைவிட நேராக இருக்கிறது, அதை அவர் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். போன பருவத்தில் மிச்சமான யூரியா மூட்டை ஒன்று மோட்டார் ரூமில் கிடந்தது. போன வாரம் காணோம். கேட்டால், பக்கத்துக் கிணற்றுக்கார அண்ணன் பயிர் மஞ்சளாக இருக்கிறதென்று கேட்டாராம், நைனா கொடுத்துவிட்டாராம். அவர் கிணறு எங்கள் கிணற்றிலிருந்து நாற்பதடி தூரம், மீட்டரை விட்டுப் பார்த்தேன், 2.9. மூட்டையைப் பிரித்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டு வர நைனாவை அனுப்பியிருக்கிறேன்.